கறவை நின்ற பின்...

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாவட்டத்தாருக்கு வேடந்தாங்கல்தான் நினைவுக்கு வரும். 1798இல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் காலத்திலேயே, அந்த ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் உறுதி வாங்கிவிட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் பறவைகள் வருகின்றன, கூடு கட்டுகின்றன, குஞ்சு பொரித்து, கோடை தொடங்கும் முன்பே பறந்துவிடுகின்றன. அவற்றுக்கு யாரும் இரை போடுவதில்லை. சுடாமலும் கல்லெறியாமலும் இருந்தால் போதும், சரணாலயம் நடந்துவிடும்.

நான் எழுதவந்தது அதைப் பற்றியன்று. மாடு, எருமை, ஆடு, கோழி, கழுதை முதலிய பண்ணை விலங்குகளுக்கான சரணாலயம் முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. அவை பிறந்த நாள் முதல் மனிதன் கையையே நம்பி வளர்ந்தவை. அவிழ்த்துவிட்டால் காட்டுக்குப் போகா. கிழக்குக் கடற்கரைச் சாலையின் நடுவே வந்து படுத்துக்கொள்ளும். எனவே இங்கே சும்மா இருப்பது காப்பதாகாது. நாள்தோறும் தீனி, தண்ணீர், மருந்து, சாணம் அள்ளுதல், இரவுக் காவல் என்று ஒரு பெரிய குடித்தனமே நடத்தியாக வேண்டும். அந்தக் குடித்தனம் எப்படி நடக்கிறது, எதனால் இடறுகிறது என்பதை விலங்கியல் மாணவி என்ற முறையிலும், மாடு கட்டிப் பிழைக்கும் வீட்டுப் பெண் என்ற முறையிலும் சொல்ல விரும்புகிறேன்.

எண்ணம் புதியதன்று

மாமல்லபுரத்துக்குச் சென்றவர்கள் அருச்சுனன் தபசைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆயின் அதற்குச் சற்றுத் தெற்கேயுள்ள கிருஷ்ண மண்டபத்தில் பலர் நின்று பார்ப்பதில்லை. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி பாறையிலே ஓர் ஆயர்பாடியையே செதுக்கி வைத்திருக்கிறான். மழைக்கு அஞ்சிய மக்களும் மாடுகளும் கண்ணன் தூக்கிய மலையின் கீழ் ஒதுங்கி நிற்கின்றனர். அங்கே ஓர் ஆயன் பால் கறக்கிறான். பசுவோ தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. கன்று எதிரில் இருந்தால்தான் பசு பாலை இறக்கும் என்பதை அந்தச் சிற்பி தொழுவத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி வெளியிடும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் வேலை அது என்று நாங்கள் இந்த ஆண்டுதான் வகுப்பில் படித்தோம்.

அதற்கும் முன்பு அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை, மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததைக் கூறுகிறது. அந்த வசதி சேர்ந்த நாடுகளின் பட்டியலில் சோழ, பாண்டிய நாடுகளும் உள்ளன. பிற்காலத்தில் குஜராத்தில் வணிகர்கள், குறிப்பாகச் சமணர்கள், 'பிஞ்சராபோல்' என்ற பெயரில் முடமான, முதிர்ந்த விலங்குகளுக்கு இல்லங்கள் நடத்தினர். அம்மரபு சென்னைக்கும் வந்து, 1906இல் அயனாவரத்தில் மெட்ராஸ் பிஞ்சராபோல் தோன்றியது.

நம் கடற்கரைக்கு இதில் சிறப்பான பங்கு ஒன்று உண்டு. 1952இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்ற கலாக்ஷேத்திரத்து ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டப்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. நெடுங்காலம் சென்னையில் இயங்கிய வாரியத் தலைமையகம் 2018இல் அரியானா மாநிலத்துக்கு மாறிவிட்டது. 1959இல் விமானி கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தோற்றுவித்த புளூ கிராஸ் நிறுவனம் கிண்டியில் இயங்குகிறது. திருப்போரூர்ப் பக்கம் குன்னப்பட்டிலும் அதற்கு ஒரு காப்பகம் உண்டு. மேல்நாட்டில் இவ்வகைப் பண்ணைகளுக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் அமெரிக்காவின் 'ஃபார்ம் சாங்க்சுவரி' 1986இல்தான் தொடங்கியது. பென்சில்வேனியாவில் ஒரு கால்நடைச் சந்தைக்குப் பின்புறம், செத்த விலங்குகளின் குவியலிலே உயிரோடு கிடந்த ஓர் ஆடுதான் அதன் முதல் விருந்தாளி. ஹில்டா என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

யார் வருகிறார்கள்?

ஒரு பசு 18, 20 ஆண்டுகள் வரை உயிர்வாழக் கூடியது. ஆனால் கறவையில் இலாபம் தருவது நான்கைந்து ஈற்றுக்குத்தான். பத்து வயதில் மடி வற்றினால், மீதி எட்டு, பத்து ஆண்டுகளுக்குச் சோறு போடுவது யார்? காளைக் கன்றின் நிலை இன்னும் மோசம். சினை ஊசி போட்டுப் பிறக்கும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக் கன்றுகள். ஏர் போய் டிராக்டர் வந்தபின் அவற்றுக்கு வேலையில்லை. பெட்டைக் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து ஊசி இப்போது வந்துள்ளது. நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரி பிறக்கும் என்கிறார்கள். அது பரவினால் ஒரு பகுதி தீரும். வற்றிய மடிக்கு அது பதிலாகாது.

தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958ஆம் ஆண்டினது. பத்து வயதுக்கு மேற்பட்டு, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியற்றது என்றோ, நிரந்தரமாக முடமானது என்றோ சான்றளித்தாலன்றி மாட்டை வெட்டக்கூடாது என்பது அதன் சாரம். 1976இல் பசுவையும் கிடேரியையும் வெட்டுவதற்கு அரசாணை வாயிலாகத் தடை வந்தது. 1978ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது. ஆனால் சந்தையிலிருந்து புறப்படும் அடிமாட்டு லாரியைப் பார்த்தவர்கள் அந்த எண்ணிக்கையைக் கேட்டால் சிரிப்பார்கள். போலீசார் அத்தகைய லாரியைப் பிடிக்கும்போதுதான் காப்பகத்தின் தொலைபேசி நள்ளிரவில் ஒலிக்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகள், வழக்கு முடியும்வரை பறிமுதலான விலங்கை இத்தகைய இல்லத்தில் வைக்கவும், செலவைக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் வாங்கவும் வழி செய்கின்றன. பணம் வரும்வரை மாடு பட்டினி கிடக்காதல்லவா? முதல் குற்றத்துக்கு 50 ரூபாய்தான் அபராதத்தின் உச்சவரம்பு என்று 1960ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. ஒரு மாட்டுக்கு அரைநாள் தீனிச் செலவு அது.

இவை தவிர, சாலையில் லாரி மோதிக் கால் ஒடிந்தவை, நேர்ந்துவிட்டுக் கவனிப்பாரற்றவை, கிணற்றில் விழுந்து தூக்கப்பட்டவை என்று வந்துகொண்டே இருக்கும். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பு நாடு முழுதும் தெருவில் திரியும் மாடுகள் 50 லட்சம் என்று காட்டியது.

எங்கள் வீட்டுக் கதை

இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே உள்ளது. அப்பா கூலி வேலைக்குப் போவார். அம்மா இரண்டு மாடு கட்டிச் சங்கத்துக்குப் பால் ஊற்றுவார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் சேர்ந்த ஆண்டு, மூத்த மாடு மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. கறவையும் நின்றுவிட்டது. ஜூலை மாதத்தில் ஒரு தரகர் வந்தார். துண்டுக்குள் கைவிரல் பிடித்து விலை பேசினார்கள். அந்தப் பணத்தில்தான் என் கட்டணமும், பேருந்துச் செலவும், இரண்டு செட் துணியும் வந்தன. அம்மா அன்றைக்குக் கொல்லைப் பக்கம் வரவேயில்லை. எட்டு ஆண்டுகள் அவர் கையால் தண்ணீர் குடித்த மாடு அது.

இதை நான் வருத்தம் தேடிச் சொல்லவில்லை. காப்பகம் நடத்துவோரிடத்தும், அதற்கு நன்கொடை தருவோரிடத்தும் ஒரு பேச்சு உண்டு: 'பால் இருக்கும்வரை கறந்துவிட்டு, இல்லையென்றதும் தள்ளிவிடுகிறார்கள், நன்றி கெட்டவர்கள்' என்று. மாடு விற்றவன் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பாராதவர்கள் பேசும் பேச்சு அது. வற்றிய மாட்டை வைத்துக் காப்பதற்கு என்ன செலவாகும் என்று பார்த்தால் விவசாயியின் மீது பழி சொல்ல நா எழாது. அந்தக் கணக்கையே இனிப் பார்ப்போம்.

ஒரு நாள் தீனி

400 கிலோ எடையுள்ள, கறவையில்லாத மாட்டுக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 8 கிலோ உலர்பொருள் நாளொன்றுக்கு வேண்டும். 5 கிலோ வைக்கோல், 15 கிலோ பசும்புல், ஒரு கிலோ தவிடு கொடுத்தால் அந்த அளவு வந்துவிடும். தண்ணீர் 40 முதல் 60 லிட்டர். வைக்கோல் கிலோ 6 ரூபாய், புல் 3 ரூபாய், தவிடு 25 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய். ஆண்டுக்கு 36,500 ரூபாய். பத்து ஆண்டுக்கு? மூன்று லட்சத்து அறுபத்தையாயிரம். ஆள் கூலியும் மருந்தும் இதில் சேரவில்லை.

ஐம்பது மாடுள்ள சிறு காப்பகத்துக்கு ஆண்டுக்கு 91 டன் வைக்கோலும் 270 டன்னுக்கு மேல் புல்லும் தேவை. ஓர் ஏக்கர் நெல்லில் சுமாராக 2 டன் வைக்கோல் கிடைக்கும் என்றால், 45 ஏக்கர் நெல்லின் ஒரு போக வைக்கோல் இந்த ஐம்பது வாய்க்குப் போய்விடும். புல்லுக்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் உண்டு. கோ-4, கோ-5 என்று நம் உழவர்கள் சொல்வார்கள். நல்ல நிலமும் நீரும் இருந்தால் ஏக்கருக்கு ஆண்டில் 150 டன்வரை வெட்டலாம். நம் கடற்கரை மணலிலும் உவர்நீரிலும் பாதி வந்தாலே பெரிது. ஆகவே நான்கு ஏக்கராவது புல்லுக்கென்று வேண்டும். வேலியோரத்தில் அகத்தி, சவுண்டல், கிளைரிசிடியா வைத்தால் கோடையில் தழைக்குத் திண்டாட்டம் குறையும். கோ-4 கரணை வேண்டுவோர் பொத்தேரிக்கு அருகிலுள்ள காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். நம் கல்லூரியிலிருந்து இரயிலேறினால் சிறிது நேரப் பயணம்தான்.

வைக்கோல் வாங்குவதிலும் நுட்பம் இருக்கிறது. நவரை அறுப்பு வைக்கோல் வெயிலில் காய்ந்து பொன்னாக வரும். சொர்ணவாரி அறுப்பு மழையில் சிக்கினால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். அதை மலிவாகக் கொடுக்கிறார்களே என்று வாங்கிப் போட்டால் மாடு தின்னாது, தின்றால் நோய். சத்துக் குறைந்த வைக்கோலுக்கு யூரியா வைத்தியம் ஒன்று உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, அடுக்கி மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைக்க வேண்டும். யூரியா சிதைந்து அம்மோனியா உண்டாகிறது. அது லிக்னினுக்கும் செல்லுலோசுக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. வயிற்று நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜனும் ஆகிறது. திறந்தபின் நெடி போகச் சற்று நேரம் ஆறவிட்டுத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இது கூடவே கூடாது. யூரியாவை நேரே தண்ணீரில் கலந்து வைத்துவிட்டாலோ மாடு அன்றைக்கே செத்துப்போகும்.

சோறு என்னும் நஞ்சு

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது, கடற்கரைப் பக்கமுள்ள ஒரு காப்பகத்தில் நாங்கள் ஒரு நாள் வேலை செய்தோம். திருமண வீட்டார் ஒரு வேனில் இரண்டு அண்டா சோறு கொண்டுவந்தனர். 'கோமாதாவுக்கு' என்றார்கள். அங்கிருந்த பெரியவர் கைகூப்பி வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டார். அவர்கள் போனபின் எங்களிடம், "சோறு மட்டும் போட்ராதம்மா, வயிறு உப்பி ராவோட ராவாப் போயிடும்" என்றார். அண்டாவைக் குழியில் கொட்டி எருவாக்கிவிட்டார்கள்.

அன்னமிடுவது எப்படிக் கொலையாகும்? மாட்டின் முதல் வயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு நொதிக்கலன். அங்கே பாக்டீரியாவும் புரோட்டோசோவாவும் நாரை மெதுவாகச் சிதைக்கின்றன. நார் மிகுந்த தீனியை மாடு நெடுநேரம் அசைபோடும். அசைபோட அசைபோட உமிழ்நீர் ஊறும். நாளொன்றுக்கு நூறு லிட்டருக்குக் குறையாமல் ஊறும் அந்த உமிழ்நீரில் பைகார்பனேட் உண்டு. அதுதான் வயிற்றின் அமில காரச் சமநிலையை 6க்கும் 7க்கும் இடையே நிறுத்திவைக்கிறது. சோறோ அசைபோட வேண்டாத மாவுப்பொருள். திடீரென்று பெருமளவு உள்ளே போனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. எண் 5க்கும் கீழே இறங்கினால் நார் தின்னும் நுண்ணுயிர்கள் மடிகின்றன, அமிலம் இரத்தத்தில் ஏறுகிறது, மாடு படுத்துவிடுகிறது. நேரத்தோடு பார்த்தால் சமையல் சோடா கரைசலும் மருத்துவரின் ஊசியும் காப்பாற்றும். மாட்டுப் பொங்கலன்று ஒரு கவளம் ஊட்டுவதால் கேடில்லை. அண்டாவாக ஊட்டுவதுதான் கேடு. பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவமனை வாசலில் நின்று பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

இன்னொரு நஞ்சு பிளாஸ்டிக். பசு நாவால் சுழற்றி இழுத்து விழுங்கும் இயல்பினது. உதட்டால் பொறுக்கித் தின்னாது. எச்சில் சோறு கட்டிய பை அப்படியே உள்ளே போகிறது, வெளியேற வழியில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, இடப்பக்க விலாவைக் கீறி எடுத்தால் 30 கிலோவுக்கு மேல் வந்த செய்திகள் உண்டு. 2012இல் இது உச்ச நீதிமன்றம் வரை பொதுநல வழக்காகச் சென்றது. வழக்குத் தொடுத்தவர்களில் புட்டபர்த்தியிலுள்ள கருணா சொசைட்டியும் ஒன்று. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை உள்ளது. செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தைச் சுற்றி மேயும் மாடுகளுக்கு அந்த அரசாணை இன்னும் தெரியவில்லை போலும்!

வந்த மாட்டை என்ன செய்வது?

புதிதாக வந்ததை உடனே மந்தையில் விடலாகாது. மூன்று, நான்கு வாரம் தனிக் கொட்டகையில் கட்ட வேண்டும். காதில் 12 இலக்க வில்லை இருந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்குச் சொத்து என்றால் அது மிக முக்கியம். கோமாரி நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், தொண்டை அடைப்பானுக்கு மழைக்கு முன்பும் தடுப்பூசி உண்டு. 2019இல் இந்தியாவுக்குள் வந்த தோல் கழலை நோய் ஈயாலும் கொசுவாலும் பரவுவதால், தனிமைப்படுத்துவதோடு கொட்டகையில் புகைமூட்டமும் தேவைப்படுகிறது. பல நாள் பட்டினி கிடந்த மாட்டுக்கு இரக்கப்பட்டுத் தவிட்டையும் புண்ணாக்கையும் அள்ளி வைத்தால் முன்சொன்ன அமில நோய்தான் வரும். முதலில் தண்ணீர், பிறகு வைக்கோல், பல நாள் கழித்தே அடர்தீவனம்.

மிகக் கடினமானது படுத்த மாடு. லாரியில் நசுங்கி, தொடை நரம்பு செயலிழந்து எழ முடியாமற் போனதைச் சிமெண்டுத் தரையில் கிடத்தினால் அதன் சொந்த எடையே தசையை அழுத்தி அழுகச் செய்துவிடும். ஆழமாக மணல் பரப்பி, சில மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், இரவிலும் அப்படியே. நான்கு ஆள் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் கடற்கரைக்கு அதிர்ஷ்டம், மணலுக்குப் பஞ்சமில்லை. பத்து நாளில் எழுந்து நிற்பவையும் உண்டு. எழாமல் வலியில் கிடப்பதை மருத்துவர் ஊசி போட்டு முடித்துவைக்கலாமா என்பதில் காப்பகங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு பெரிது. இயற்கையாகவே உயிர் போகட்டும் என்பது பிஞ்சராபோல் மரபு. புண்ணில் புழு வைத்து, கண்ணைக் காகம் கொத்தும் நிலையில் அந்த மரபைக் காப்பது யாருக்காக என்று எனக்குத் தோன்றுகிறது.

கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருக்க வேண்டும். மாடு ஒன்றுக்குக் கூரைக்கடியில் 3.5 சதுர மீட்டர், திறந்த வெளியில் அதைப்போல் இருமடங்கு. சாணம் தலைக்கு 10 கிலோவென்றாலும் ஐம்பதுக்கு நாளும் அரை டன். 25 கிலோ சாணத்தில் ஒரு கன மீட்டர் சாண எரிவாயு கிடைக்கும். சமையலுக்கும் விளக்குக்கும் ஆகும். கழிவை மண்புழு உரமாக்கி விற்கலாம். சில இடங்களில் கோமூத்திரத்தைச் சர்வரோக நிவாரணி என்று புட்டியிலடைத்து விற்கிறார்கள். அறிவியல் படிப்பவர்கள் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது.

மற்ற விலங்குகளைப் பற்றிச் சுருக்கமாக. ஆட்டுக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் குளம்பு அழுகும், பரண் கொட்டகை நல்லது. கறிக்கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி உருவாக்கப்பட்ட இனம். அதை மீட்டுவந்து வயிறார இரை வைத்தால் எடை தாங்காமல் கால் முறியும், இதயம் நிற்கும். எனவே அதற்கு அளந்து போடுவதே அன்பு. கழுதைக்கு நீலகிரி மாவனல்லாவில் ஒரு நல்ல காப்பகம் இருக்கிறது.

பெருக்கக் கூடாது

கோசாலைக்கும் சரணாலயத்துக்கும் வேறுபாடு இங்கேதான். கோசாலைகள் பல, இனவிருத்தி செய்து பாலும் விற்கின்றன. அதில் தவறில்லை, ஆனால் ஆண்டுதோறும் பிறக்கும் கன்று ஒவ்வொன்றும் இன்னொரு 36,500 ரூபாய். அடைக்கலம் கொடுப்பதே நோக்கமென்றால் காளைகளுக்கு விதையடித்து, கிடேரிகளைத் தனியே பிரித்தாக வேண்டும். சினையோடு வந்த மாடு ஈன்றால் பால் கன்றுக்குத்தான். கன்றை இழந்து மடி நிறைய வந்த மாட்டைக் கறக்காமல் விட்டால் மடிநோய் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கறவையைக் குறைத்து வற்றச் செய்ய வேண்டும். கறந்த பாலைத் தாயில்லாக் கன்றுகளுக்குப் புகட்டலாம்.

மழைக்காலமே காப்பகத்துக்குச் சோதனைக் காலம். 2015 வெள்ளத்தையும் 2016 வர்தா புயலையும் நம் மாவட்டம் மறக்காது. ஓடு பறக்கும், வைக்கோல் நனையும், ஏரி நத்தைகளால் ஈரல் புழு பரவும். இறந்ததைப் புதைப்பதும் அப்போதுதான் இயலாமற் போகிறது. ஆறடி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும் என்பது விதி. கடலோரத்தில் ஐப்பசி கார்த்திகையில் நான்கடியிலேயே நீர் ஊறும். ஆகவே மேட்டு நிலம் ஒரு மூலையாவது பார்த்து வைத்துக்கொள்ளாமல் இடம் வாங்கலாகாது. திடீரென்று செத்து மூக்கில் கருஞ்செந்நிற இரத்தம் வடியும் மாட்டை அறுத்துப் பார்க்கவே கூடாது. அடைப்பான் நோயாக இருந்தால் அதன் விதைத்துகள் காற்றுப்பட்டதும் உருவாகி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும்.

இத்தனையையும் சமாளித்தவர்கள் தடுக்கி விழுவது ஒரே ஓர் இடத்தில்தான். வாசலில் இன்னொரு மாடு வந்து நிற்கும்போது 'இல்லை' என்று சொல்ல அவர்களால் முடியாது. ஐம்பதுக்குக் கட்டிய கொட்டகையில் நூற்றிருபது நின்றால் பலமுள்ளது தின்னும், முடமானது பட்டினி கிடக்கும். நோய் வந்தால் வரிசையாகப் போகும். இரக்கத்தால் தொடங்கிய இடமே வதைக்கூடமாகிவிடும். நாங்கள் சென்ற காப்பகத்தின் வாயிலில் 'இடமில்லை' என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தார்கள். அதன் கீழேயே யாரோ ஒரு காளைக் கன்றைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பெரியவர் அதை உள்ளே அவிழ்த்துக்கொண்டு போனார். எண்ணிக்கைப் பலகையில் 71ஐ அழித்து 72 என்று எழுதினார்.

முகாம் முடிந்து வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் விவரித்தேன். கேட்டுக்கொண்டே புண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தார். "அங்க எத்தினி மாடு நிக்கிது?" என்றார். சொன்னேன். "நம்ம ஊர்லியே அவ்ளோ இருக்குமே" என்றார். விளையாட்டாகவே தெருத்தெருவாக எண்ணினோம். கறவையில் இருப்பதையும் கன்றுகளையும் தள்ளி, வற்றியது, சினை பிடிக்காதது என்று மட்டும் எண்ணியதில் பிள்ளையார் கோயில் தெருவோடு பத்தொன்பது வந்தது. இன்னும் மூன்று தெருவும் காலனியும் பாக்கி.